வெள்ளத்தில் வெளிக்கிட்ட கோச்சி

இலங்கையில் ஒரு நிமிடம்கூடப் பிந்தாமல் ஓடிய கோச்சி ஒன்றே ஒன்றுதான். அது தண்டவாளத்தில் ஓடவில்லை. மாங்குளத்திலிருந்து கிழக்கே பன்னிரண்டு மைல் காட்டுப் பாதையில் போனால் ஒரு பெரிய குளம் வரும். அந்தக் குளத்துக்குக் கீழே இருந்த குடியேற்றத் திட்டத்தில், வேட்டிக்கு மேலே பித்தளைப் பொத்தான் வைத்த கறுப்புக் கோட்டும் போட்டுக்கொண்டு, அது இரண்டு காலில் நடந்து திரிந்தது.

அவரை எல்லோரும் கோச்சியர் என்றுதான் சொல்வார்கள். ரயிலில் முப்பது வருடம் கார்ட்டாக இருந்து பென்சன் எடுத்தவர். வன்னியில் காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, யாழ்ப்பாணத்திலிருந்து மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வரும்போது ஒரு விசில், ஒரு பச்சைக் கொடி, ஒரு சிவப்புக் கொடி, சங்கிலி போட்ட மணிக்கூடு ஒன்று ஆகியவற்றைக் கொண்டுவந்தார். மண்வெட்டி கொண்டுவர மறந்துவிட்டார்.

நான் அப்போது அந்தத் திட்டத்தின் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்தேன். காலை ஆறு பத்துக்குக் கோச்சியர் வண்டிலைப் பூட்டி வயலுக்குப் போவதைக் கடை வாசலில் நின்று தினமும் பார்ப்பேன். வண்டிலின் பின்பக்கம் நின்று முன்னும் பின்னும் பார்ப்பார். விசில் ஊதுவார். பச்சைக் கொடியைக் காட்டுவார். யாருக்குக் காட்டுகிறார் என்று கேட்கக் கூடாது, ஏனென்றால் வண்டிலில் வேறு ஆளே கிடையாது. காட்டி முடித்ததும் ஓடிப்போய் முன்னால் ஏறி மாட்டுக் கயிற்றைப் பிடிப்பார்.

ஒரு வருடத்துக்குள் மாடுகள் பழகிவிட்டன. விசில் கேட்காமல் ஓர் அடி எடுத்து வைக்கமாட்டா. பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டியில் ஒருமுறை வாத்தியார் ஓட்டப் பந்தயத்துக்கு விசில் ஊதினார். அரை மைல் தள்ளி வயலில் நின்ற கோச்சியரின் மாடுகள் கலப்பையையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டன.

இன்னொரு நாள் ஒரு கலியாணவீடு. முகூர்த்தம் ஒன்பது நாற்பத்தெட்டோடு முடிகிறது. மாப்பிள்ளை வீட்டார் வந்த லொறி சேற்றில் புதைந்து, அவர்கள் வந்து இறங்கியபோது ஒன்பது ஐம்பது. ஐயர் மணவறையில் விறகை அடுக்கிக்கொண்டிருந்தார். பெண்ணின் தகப்பன் பன்னீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு வரவேற்க ஓடினார். கோச்சியர் மட்டும் பந்தல் வாசலில் சிவப்புக் கொடியோடு நின்றார்.

“முகூர்த்தம் வெளிக்கிட்டுட்டுது. அடுத்தது எத்தினை மணிக்கெண்டு ஐயரைக் கேட்டுட்டு வாங்கோ.”

மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக முழித்துக்கொண்டு நின்றார். கடைசியில் கோச்சியரின் மனைவிதான் வந்து கொடியைப் பிடுங்கித் தன் இடுப்பில் சொருகினார். “நீங்கள் வாங்கோ தம்பி. இவர் பென்சன் எடுத்து ஏழு வருசம்” என்றார்.

அந்த அம்மா அதிகம் கதைக்கமாட்டார். கதைத்தால் அதற்குமேல் யாரும் கதைக்கத் தேவையிருக்காது.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் ஒரு மார்கழி. மழை தொடங்கி ஒரு கிழமை விடவில்லை. குளம் நிறைந்து வான் பாயத் தொடங்கியது. வான் என்றால் மேலதிக நீர் வழிந்து ஆற்றுக்குப் போகிற வழி. அதில் இரும்புக் கதவுகள் இருந்தன. கதவுகளை முழுதாகத் திறந்தால் குளக்கட்டுத் தப்பும், ஆனால் ஆற்றோரமாக இருந்த எங்கள் கீழ்வரிசை தண்ணீருக்குள் போகும். திறக்காவிட்டால் கட்டு உடையும். கட்டு உடைந்தால் கீழ்வரிசை, மேல்வரிசை என்ற பேச்சே இருக்காது. சங்கக்கடையும் கோச்சியர் வீடும் கீழ்வரிசையில்தான் இருந்தன.

குளத்துக்குப் பொறுப்பான ஓவசியர் சங்கக்கடை விறாந்தையில் கூட்டம் வைத்தார். நல்ல மனிதர். மூன்று நாள் நித்திரை இல்லாமல் கண் இரண்டும் மிளகாய்ப்பழம்போல் சிவந்திருந்தன.

“கதவு முழுக்கத் திறக்க வேண்டி வந்தால், குளக்கட்டிலை நிண்டு சிவப்புக் கொடி காட்டுவம். கண்ட உடனை எல்லாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகவேணும். விளங்கினதோ?”

எல்லோருக்கும் விளங்கியது. கோச்சியர் எழும்பினார்.

“சிவப்பு எண்டால் நிக்கவேணும்.”

“ஐயா, இது கோச்சி இல்லை.”

“எதெண்டாலும் சரி. சிவப்பைக் காட்டிப்போட்டுப் போ எண்டால் சனம் எப்பிடிப் போகும்? போறதுக்குப் பச்சை காட்டவேணும்.”

“பச்சை எண்டால் பயமில்லை, வீட்டிலை இருக்கலாம் எண்டெல்லோ அர்த்தம்?”

“பச்சை எண்டால் பாதை கிளியர், வெளிக்கிடலாம் எண்டு அர்த்தம்.”

கூட்டத்தின் நடுவில் நடராசா அண்ணை இருந்தார். எங்கள் ஊரில் எதையும் இரண்டு தரம் கேட்கிறவர். “அப்ப பச்சையைக் கண்டால் இருக்கிறதோ, போறதோ?” என்று கேட்டார்.

“இருக்கிறது” என்றார் ஓவசியர்.

“போறது” என்றார் கோச்சியர்.

“சிவப்பைக் கண்டால்?”

“போறது.”

“நிக்கிறது.”

“ஒரு கொடியையும் காணாட்டில்?” என்று நடராசா அண்ணை கேட்டார். ஓவசியரும் கோச்சியரும் முதல் தடவையாக ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

கோச்சியர் வென்றார். அவர் சொன்னது சரி என்பதற்காக அல்ல. திட்டம் முழுவதிலும் கொடி இருந்தது அவரிடம் மட்டும்தான். பச்சை என்றால் போவது, சிவப்பு என்றால் நிற்பது என்று முடிவாகியது. ஓவசியர் கும்பிட்டுவிட்டுப் போனார். சனம் வீட்டுக்குப் போகும்போது பாதிப்பேர் முடிவைச் சரியாகச் சொன்னார்கள், பாதிப்பேர் மாற்றிச் சொன்னார்கள். நடராசா அண்ணை இரண்டையும் சொன்னார்.

கோச்சியரின் மனைவி கடைப் படலையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். போகிற பெண்களிடம் மெல்லச் சொன்னார்: “நீங்கள் கொடியைப் பாக்காதேங்கோ, என்னைப் பாருங்கோ. நான் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு றோட்டிலை இறங்கினால் நீங்களும் இறங்குங்கோ.”

இரண்டு நாள் கழித்து, காலை எட்டரை மணி. மழைக்குள் எதிர்வீடு தெரியவில்லை. மேலே காட்டுக்குள் இருந்த சிறு குளம் ஒன்று உடைத்துக்கொண்டது என்று ஒருவர் ஓடிவந்து சொன்னார். இல்லை, எங்கள் குளக்கட்டிலேயே வெடிப்பு என்றார் அடுத்தவர். மூன்றாவது ஆள் கடல் ஏறிவிட்டது என்றார். கடல் அங்கிருந்து பல மைல் தூரம். ஆனாலும் இரண்டு பேர் கிழக்கே திரும்பிப் பார்த்தார்கள்.

சரியாக ஒன்பது மணிக்கு, மழை கொஞ்சம் தணிந்த நேரம், ஓவசியர் சொல்லிக் கோச்சியர் குளக்கட்டில் ஏறிப் பச்சைக் கொடியை ஆட்டினார்.

ஒருவரும் அசையவில்லை. நனைந்த பச்சை, அந்த மூட்டத்துக்குள் கறுப்பாகத் தெரிந்தது. பச்சைக்கும் தீர்மானம் இருந்தது, சிவப்புக்கும் இருந்தது. கறுப்பைப் பற்றி யாரும் பேசியிருக்கவில்லை. அது நாட்டில் கறுப்புக் கொடி போராட்டங்கள் நடந்த காலம்.

“ஆரோ மந்திரி வாறார்போலை” என்றார் நடராசா அண்ணை.

“இந்த மழைக்கையோ?”

“மழைக்கை வந்தால்தானே வெள்ளம் பாக்கலாம்.”

அது பொருத்தமாகத்தான் இருந்தது. மந்திரியைப் பார்ப்பதற்காக நாலைந்து பேர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு றோட்டுக்கு வந்தார்கள். நடராசா அண்ணை வண்டிலில் நெல்மூட்டை ஏற்றினார், இறக்கினார், பிறகு ஏற்றினார். நான் கடைத் தராசைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அதை ஏன் தூக்கினேன் என்று இன்றுவரை தெரியாது.

அப்போது கோச்சியர் வீட்டுப் படலை திறந்தது. அந்த அம்மா சேலையை முழங்கால் வரை தூக்கிச் சொருகிக்கொண்டு, கோழிக் கூடையைத் தலையில் வைத்து, ஒரு வார்த்தை பேசாமல் றோட்டில் இறங்கினார்.

ஐந்தே நிமிடத்தில் கீழ்வரிசை முழுவதும் றோட்டில் நின்றது.

கோச்சியர் குளக்கட்டிலிருந்து ஓடிவந்தார். தண்ணீர் அதற்குள் கணுக்காலுக்கு வந்துவிட்டது. றோட்டு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. அவருக்கு அதுதான் பெரிய கவலை. தனியத் தனியப் போனால் யாராவது வாய்க்காலுக்குள் இறங்கிவிடுவார்கள் என்றார். ஒன்பது வண்டில்களையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, கிணற்றுக் கயிறுகளால் பிணைத்தார். கைக்குழந்தைக்காரர் முன் வண்டிலில். வயது போனவர்கள் அதற்கு அடுத்ததில். கடைசி வண்டில் அவருடையது. நான் சீனி மூட்டை ஒன்றை ஏற்றப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

“சாமான் வண்டி பேந்து வரும், மனேச்சர். இது ஆள் வண்டி.”

பிறகு எண்ணினார். எல்லோரும் சாக்கையும் பாயையும் போர்த்துக்கொண்டு முகம் தெரியாமல் இருந்தார்கள். ஒவ்வொரு தலையையும் தொட்டுத் தொட்டு எண்ணினார். நடராசா அண்ணையின் மனைவி பொறுக்காமல் கேட்டார்: “தண்ணி ஏறுது ஐயா. இப்ப என்னத்துக்கு இந்த எண்ணிக்கை?”

“எண்ணாமல் விடேலாது, பிள்ளை.”

எழுபத்தொன்று. வண்டிலின் பின்பலகையில் சோக்கால் எழுதி, மழை அழிக்காமல் மேலே சாக்கைத் தொங்கவிட்டார். விசில் ஊதினார். அவருடைய மாடுகள் கடைசி வண்டிலில் பூட்டியிருந்தன. அவை உடனே புறப்பட்டு, முன்னால் நின்ற வண்டிலை முட்டின. அந்த வண்டில் அதற்கு முன்னால் நின்றதை முட்டியது. இப்படியாகப் பின்னாலிருந்து தள்ளுப்பட்டு எங்கள் கோச்சி வெளிக்கிட்டது.

பள்ளிக்கூடம் ஒன்றரை மைல். நடுவில் ஒரு மதகு. மதகடியில் முதல் வண்டில் மாடு சுழிக்கிற தண்ணீரைக் கண்டு மிரண்டு கால் மணி நேரம் நின்றுவிட்டது. முன்னால் இருந்தவர்கள் இறங்கி மாட்டைத் தள்ளினோம், கெஞ்சினோம், பேசினோம். ஒருவழியாகத் தாண்டினோம். பதினொரு மணிபோலப் பள்ளிக்கூடத்தில் ஏறினோம். ஓவசியர் அங்கே நின்றார். கதவு முழுதும் திறந்தாயிற்று, கட்டுத் தப்பும்போல் இருக்கிறது என்றார். பெண்கள் அழுதார்கள். யாரோ தேத்தண்ணி வைத்தார்கள்.

கோச்சியர் எண்ணினார். எழுபது.

எல்லோரையும் சுவரோரம் வரிசையாக இருத்தி மறுபடி எண்ணினார். எழுபது. ஒவ்வொரு குடும்பமாகப் பெயர் சொல்லிப் பார்த்தோம். எல்லாக் குடும்பத்திலும் எல்லோரும் இருந்தார்கள். ஒரு குழந்தைகூடக் குறையவில்லை. ஆனால் மொத்தத்தில் ஓர் ஆள் குறைந்தது. கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். அவர் இரண்டு தரம் கூட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“நீங்கள் மாடு ஒண்டையும் சேத்து எண்ணிப்போட்டியள்” என்றார் நடராசா அண்ணை. எல்லோரும் சிரித்தார்கள். அவ்வளவு பயத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு, நிற்கவே இல்லை. நானும் சிரித்தேன். ஓவசியர் கோச்சியரின் தோளில் கை வைத்தார். “ஐயா, பிழையா எண்ணியிருப்பியள். அவசரத்திலை வாறதுதானே. இருங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ.”

கோச்சியர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. அந்த முகத்தை நான் முன்னே பார்த்ததில்லை. வழி தெரியாத இடத்தில் இறக்கிவிடப்பட்ட ஆள்போல இருந்தார்.

“ஒருத்தற்ரை ஆளும் காணாமல் போகேல்லை” என்று தனக்குத்தானே சொன்னார். “அது சரி. ஆனால் நான் எழுபத்தொண்டு பேரை ஏத்தினனான்.”

வண்டிலிலிருந்து கயிறு ஒன்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். நிற்பாட்டுங்கோ என்று நாலு பேர் அவருடைய மனைவியைப் பார்த்தார்கள்.

“போகட்டும்” என்றார் அந்த அம்மா. “இருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது.” சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீரும் ஒருக்கால் கூடப் போம்.”

அப்போதுதான் பார்த்தேன். கோழிக் கூடையை அவர் இன்னும் கையிலிருந்து இறக்கி வைக்கவில்லை.

வந்த பாதையில் தண்ணீர் இடுப்புக்கு ஏறியிருந்தது. ஒரு மரத்தில் கயிற்றைக் கட்டி, அடுத்த மரம் வரை பிடித்துக்கொண்டு போய், திரும்பவும் கட்டினோம். ஒவ்வொரு மரத்தடியிலும் கோச்சியர் விசில் ஊதுவார். மணிக்கூட்டைக் கையில் பிடித்து ஒரு நிமிடம் காது கொடுப்பார். ஒன்றும் கேட்காது.

“ஐயா, ஆரைத் தேடுறம்?”

“தெரியாது.”

“தெரியாத ஆளை எப்பிடித் தேடுறது?”

“தெரிஞ்ச ஆளெண்டால் வேறை ஆரும் தேடுவினம்தானே, மனேச்சர்.”

பள்ளிக்கூடத்தில் நானும் சிரித்தது நினைவுக்கு வந்தது. அடுத்த மரத்தில் கயிற்றை நானே கட்டினேன்.

மதகுக்குக் கிட்டப் போனபோது மணிக்கூட்டுக்குள் தண்ணீர் போய்விட்டது. கோச்சியர் அதைக் குலுக்கினார், காதில் வைத்தார், திரும்பக் குலுக்கினார். பிறகு என்னைப் பார்த்து, “மனேச்சர், இப்ப எத்தினை மணி இருக்கும்?” என்று கேட்டார். என்னிடம் மணிக்கூடு இல்லை. ஊருக்கே மணி சொன்ன மனிதர் இடுப்பளவு தண்ணீரில் நின்று என்னிடம் மணி கேட்கிறார். எனக்குப் பயம் பிடித்தது அப்போதுதான்.

“பரவாயில்லை” என்றார். விசிலை ஊதிவிட்டு, வாய்விட்டு அறுபது வரை எண்ணத் தொடங்கினார். நாற்பத்து மூன்றாவதில் ஒரு சைக்கிள் மணி கேட்டது.

தண்ணீருக்கு நடுவில், மேலிருந்து சைக்கிள் மணி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். மறுபடி அடித்தது. மதகுக்கு அப்பால் ஒரு மருதமரம். அதன் கிளையில் ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தார். பக்கத்துக் கிளையில் ஒரு சைக்கிள் தொங்கியது. கத்திக் கத்திக் குரல் அடைத்துப்போய், மணியை மட்டும் அடித்துக்கொண்டிருந்தார்.

கயிற்றை எறிந்து, மூன்றாம் தரம் அவர் பிடித்து, இழுத்து எடுப்பதற்குள் கோச்சியர் இரண்டு முறை தண்ணீருக்குள் போய் எழும்பினார். நான் கயிற்றின் மற்றப் பக்கத்தை மதகுக் கல்லில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த கடவுளையெல்லாம் கூப்பிட்டேன். வந்து சேர்ந்தவர் முல்லைத்தீவுப் பக்கத்துப் பிடவை வியாபாரி, ஒரு முஸ்லிம் நானா. எங்கள் ஊருக்கு அன்றுதான் முதல் தடவை வந்திருக்கிறார். வெள்ளம் றோட்டை மறித்ததால், கண்ட வண்டிலில் ஏறியிருக்கிறார். வண்டிலில் இருந்தவர்கள் அவரை மற்றவர்களுடைய சொந்தக்காரர் என்று நினைத்திருக்கிறார்கள்.

கோச்சியருக்குப் பல் கிடுகிடுத்தது. அப்படியும் விசாரணையைத் தொடங்கினார்.

“எத்தினையாம் வண்டில்?”

“ஏழாவது, ஐயா.”

“ஏன் இறங்கினனீர்?”

“மதகடியிலை நிக்கேக்கை சைக்கிள் கட்டு அவிண்டு விழுந்திட்டுது. பிடவைப் பொட்டலமும் அதிலைதான். எடுக்க இறங்கினன். எடுக்கிறதுக்கிடையிலை வண்டில் வெளிக்கிட்டுட்டுது. பின் வண்டில்காரர் சாக்கைப் போத்துக்கொண்டு குனிஞ்சு இருந்தவை, என்னைக் காணேல்லை.”

“நிப்பாட்டச் சொல்லி ஏன் சத்தம் வைக்கேல்லை?”

நானா தலையைக் குனிந்தார். “ஆரெண்டு தெரியாத ஊர் ஐயா. எனக்காண்டி அவ்வளவு பேரையும் நிப்பாட்டச் சொல்ல வெக்கமாக் கிடந்தது.”

கோச்சியர் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.  கோட்டைக் கழற்றிப் பிழிந்து அவருடைய தோளில் போட்டார். ஈரக் கோட்டுத்தான். வேறு இருக்கவில்லை.

“என்ர சைக்கிள்?” என்று நானா மரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“அது சாமான் வண்டியிலை வரும்” என்றேன் நான்.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்தபோது பின்னேரம் ஆகிவிட்டது. மூன்று பேர் வருவதைக் கண்டு எல்லோரும் எழும்பி நின்றார்கள்.  நடராசா அண்ணை தன் உலர்ந்த வேட்டியைக் கொண்டுவந்து கோச்சியரிடம் கொடுத்தார். கோச்சியர் வண்டிலடிக்குப் போய், சாக்கை விலத்தி, பின்பலகையைப் பார்த்தார். திரும்பி வந்து எல்லோரையும் இருக்கச் சொன்னார். இன்னொரு தரம் எண்ணினார். எழுபத்தொன்று வந்ததும் சுவரில் சாய்ந்து இருந்தார். இருந்தபடியே நித்திரையாகிவிட்டார்.

வெள்ளம் நாலாம் நாள் வடிந்தது. கீழ்வரிசையில் பாதி வீடு இல்லை. வயல் முழுவதும் மணல். சங்கக்கடைச் சீனி ஆற்றோடு போய் எந்தக் கடலை இனிப்பாக்கியதோ தெரியாது. எங்கள் வரிசையில் ஓர் உயிர் போகவில்லை. நானாவின் சைக்கிளை மரத்திலிருந்து இறக்க ஏழு பேர் வேண்டியிருந்தது. அவர் ஒருவர் அதை எப்படி ஏற்றினார் என்று கேட்டோம். அவருக்கும் விளங்கவில்லை என்றார்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு எனக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்தது. அங்கே சங்கக்கடையில் இருந்தபோது ஒருநாள் காலையில் நடராசா அண்ணையின் கடிதம் கிடைத்தது. கோச்சியர் காய்ச்சலில் படுத்து மூன்று நாளில் போய்விட்டாராம். நானா முல்லைத்தீவிலிருந்து வந்து சுடலை வரை நடந்தாராம். நான் கட்டாயம் செத்தவீட்டுக்கு வரவேண்டும் என்று கேட்டு, அது முடிந்து ஐந்து நாளுக்குப் பிறகு எழுதியிருந்தார்.

நான் கடையைப் பூட்டினேன். சாமான் வாங்க வந்து நின்றவர்கள் என்ன விசயம் என்று கேட்டார்கள். எங்கள் வீட்டில் ஒரு செத்தவீடு என்று சொன்னேன்.